பெரிய நோய் வந்தால் துணை யார்? குழுத் தோழிகளும் நர்சம்மாவும்



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று மாதாமாதம் பேசுகிறோம். இந்த மாதப் பாடம் வேறு. குழுவில் ஒருவருக்குப் பெரிய நோய் வந்துவிட்டால் மற்ற பதினொரு பேரும் என்ன செய்வது? நோய் வந்தவர் யாரிடம், எதை, எப்படிக் கேட்பது? ஊக்குநர்கள் இதைக் கூட்டத்தில் நிறுத்தி நிதானமாகப் படிக்கவும். ஒரு கூட்டத்தில் முடியாவிட்டால் இரண்டு கூட்டமாக எடுத்துக்கொள்ளலாம்.

நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு உறுப்பினரின் கதையைச் சொல்கிறேன். ஊர், பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நாம் அக்கா என்றே சொல்வோம். அக்காவுக்கு மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. அதன் பிறகு 21 நாளைக்கு ஒரு முறை வீதம் ஆறு முறை கீமோ மருந்து ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னார். இரண்டு முறை ஏற்றினார். மூன்றாவது முறைக்குப் போகவில்லை. குழுவில் யாருக்கும் இது தெரியாது. "மூணு கூட்டமா வரல, தவணையும் நிக்குது" என்று கேட்கப் போனபோதுதான் விஷயமே வெளியே வந்தது.

ஏன் நிறுத்தினார்? மருந்துக்குப் பயந்து என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உட்கார்ந்து பேசியபோது அவர் சொன்ன காரணங்கள் வேறு. விடியற்காலை நாலு மணி பஸ்ஸைப் பிடித்துத் தனியாகப் போய், தலைசுற்றலோடு ராத்திரி திரும்பி வர முடியவில்லை. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பையனை அன்று பார்த்துக்கொள்ள ஆளில்லை. முடி கொட்டிவிட்டதால் தெருவில் தலைகாட்டக் கூச்சம். வாயெல்லாம் புண்ணாகி எதுவும் இறங்கவில்லை, 'மருந்து நமக்கு ஒத்துக்கலை' என்று அவராகவே முடிவு செய்துவிட்டார்.

இந்த நாலையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முதல் மூன்றும் தோழிகளால் தீரக்கூடியவை. நாலாவதை ஒரு நர்ஸ் ஐந்து நிமிடத்தில் தீர்த்திருப்பார். இதற்காக ஓர் உயிர் போயிருக்கலாம்.

முதலில் குழு செய்தது சரியாக வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்பது பேர் சேர்ந்து போனார்கள். கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒருவர், தன் நாத்தனாருக்கு இதே நோய் வந்து எப்படிச் செத்தார் என்று ஆதியோடந்தமாகச் சொன்னார்! அப்படிப் பார்க்கப் போவதைவிடப் போகாமலே இருக்கலாம். கிளம்பும்போது "எது வேணும்னாலும் கேளு" என்றார்கள். "ஒண்ணும் வேணாம்மா" என்றார் அக்கா. வேறு என்ன சொல்வார்? வாழ்நாள் முழுக்க வீட்டில் எல்லோருக்கும் செய்தே பழகியவர்கள் நாம். நமக்கு ஒன்று வேண்டும் என்று வாய்திறந்து கேட்கப் பழகவில்லை.

அடுத்த வாரம் ஊக்குநரும் இன்னொருவரும் மட்டும் போனார்கள். "செவ்வாய்க்கிழமை நான் உன் கூட பஸ்ஸுல வரேன். பையன் இவ வீட்டுல சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போயிருவான்." இப்படிக் கிழமை, ஆள், வேலை மூன்றையும் சேர்த்துச் சொன்னபோது அக்காவால் மறுக்க முடியவில்லை. மீதி நாலு முறைக்கும் யார் துணைக்குப் போவது என்று தேதி போட்டுத் தீர்மான நோட்டில் எழுதினார்கள். துணைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் கூலி போகும். அதனால் பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் குழு நிதியிலிருந்து என்று தீர்மானம் போட்டார்கள். எல்லாப் பாரமும் நெருங்கிய தோழி ஒருத்தி தலையிலேயே விழுந்தால் இரண்டு மாதத்தில் அவரும் படுத்துவிடுவார். முறை வைத்துக்கொள்வதுதான் நல்லது.

முடி விஷயத்தில் சிரிப்பும் வந்தது. "கேக்குறவங்ககிட்ட பழனிக்கு முடி இறக்குனேன்னு சொல்லு" என்றார் ஒரு பாட்டியம்மா. சிகிச்சை முடிந்த பிறகு முடி மறுபடி வளரும் என்பதை அக்காவிடம் அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

தவணையைப் பற்றி ஒரு வார்த்தை. கடன் கேட்கப் போகும் நாளும் நலம் விசாரிக்கப் போகும் நாளும் ஒன்றாக இருக்கக் கூடாது. தவணையைத் தள்ளிவைப்பதா, குறைப்பதா என்று கூட்டத்தில் முடிவு செய்து ஒரே தடவை தெரிவித்துவிடுங்கள். நோயாளி சொன்ன அந்தரங்கம் எதுவும் குழாயடிக்குப் போகக் கூடாது.

இனி நர்சம்மா. ஓ.பி.யில் டாக்டர் முன்னால் கூட்டம் நிற்கும். நமக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். மருந்து ஏறும் அந்த மூன்று நாலு மணி நேரமும் வார்டில் நம்மைச் சுற்றி நடப்பவர் நர்ஸ். சாப்பாடு, தூக்கம், வாந்தி, மலச்சிக்கல், புண் என்று டாக்டரிடம் சொல்லக் கூசுகிற எல்லாவற்றையும் அவரிடம் கேட்கலாம். மூன்றாவது முறைக்குப் போனபோது துணைக்கு வந்த தோழிதான் வாய்ப்புண் பற்றிக் கேட்டார். நர்ஸ் சொன்னது இது: "மருந்து ஒத்துக்காம இல்லம்மா. வேகமா வளர்ற செல்லை அழிக்கிற மருந்து இது. வாய்க்குள்ள இருக்கிற தோலும் முடியும் வேகமா வளர்றதுதான், அதனால அதுவும் அடிபடுது. வெதுவெதுப்பான தண்ணியில உப்புப் போட்டு தினம் நாலஞ்சு வாட்டி கொப்பளிங்க. மெதுவான பிரஷ் வச்சுக்குங்க. காரம், புளிப்பு வேணாம், கஞ்சியை ஆறவச்சுக் குடிங்க. புண் ஜாஸ்தியா இருந்தா டாக்டர்கிட்ட சொல்லி மருந்து வாங்கித் தரேன்." டாக்டர் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு மருந்தைத் தொடர்ந்தார்.

இன்னொன்றும் அந்த நர்ஸ் சொன்னார். இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். கீமோ ஏற்றி ஏழு முதல் பதினாலு நாளுக்குள் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் மிகவும் குறையும். நோயை எதிர்க்கும் சக்தி அப்போது இருக்காது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரை போட்டுக்கொண்டு விடியட்டும் என்று படுத்திருக்கக் கூடாது. ராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரி. 108-ஐக் கூப்பிடலாம். போனவுடன் "கீமோ ஏத்தியிருக்கு" என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். அந்தக் குழு ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக் கொடுத்தது. பழம், ஹார்லிக்ஸைவிட நல்ல பரிசு அது என்பேன். சளி, காய்ச்சல் உள்ள தோழிகள் அந்த நாட்களில் பார்க்கப் போக வேண்டாம். மற்றவர்களும் கை கழுவிவிட்டே தொடுங்கள்.

"சிஸ்டர் எரிஞ்சு விழுறாங்க" என்று பலர் சொல்கிறீர்கள். சிலர் அப்படி இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நர்ஸ் எத்தனை கட்டிலைப் பார்க்கிறார் என்றும் எண்ணிப் பாருங்கள். ஷிப்ட் மாறுகிற நேரத்திலும் ஊசி போடும் நேரத்திலும் போய் நிற்க வேண்டாம். கேட்க வேண்டியதை முந்தின நாளே நோட்டில் எழுதிக்கொண்டு, "சிஸ்டர், மூணு சந்தேகம் இருக்கு, எப்ப வரட்டும்?" என்று கேளுங்கள். புரியவில்லை என்றால் புரியவில்லை என்றே சொல்லுங்கள். தலையாட்டிவிட்டு வெளியே வந்து அடுத்த கட்டில்காரரிடம் கேட்பது ஆபத்து. ஒரு கட்டிலைச் சுற்றி ஐந்து பேர் உட்காராதீர்கள், ஒருவர் போதும்.

தோழிகள் ஒதுங்கிப்போவதற்குப் பயமும் ஒரு காரணம். புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், பிள்ளையை மடியில் உட்கார வைக்கலாம். வெளியிலிருந்து மெஷினில் கரண்ட் வைத்துக்கொண்டவர் உடம்பிலிருந்தும் மற்றவருக்கு எதுவும் பரவாது. ஆனால் கரண்ட் வைத்த இடத்தில் நாமாக மஞ்சளோ எண்ணெயோ தடவக் கூடாது. நர்ஸிடம் கேட்காமல் எதையும் பூசாதீர்கள்.

நோய் முற்றி, இனி குணமாகாது என்று சொல்லிவிட்டவர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். புண் நாற்றத்துக்குப் பயந்து உறவுகள் திண்ணையோடு நின்றுவிடுகின்றன. அந்த நாற்றத்தைக் குறைக்க மருந்து இருக்கிறது. வலிக்கும் இருக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. கட்டுப் போடும் முறையை நர்ஸ் வீட்டாருக்குச் சொல்லித் தருவார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கே நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் வருவதற்கு ஏற்பாடு உண்டு. அதில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்களாகச் சேர்ந்தவர்களில் பலர் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுங்கள்.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. புற்றுநோய் சிகிச்சைக்கும் உண்டு. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் குழுவில் ஒருவர் முன்கூட்டியே எடுத்துக் கொடுத்தால் நோயாளி அலைய வேண்டாம்.

பெண்கள் சங்கமாகக் கூடி நோயாளிக்குத் துணை நின்றது நமக்குப் புதிது இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவரும் இந்திய மாதர் சங்கத்துப் பெண்களும் நிதி திரட்டி 1954-ல் பன்னிரண்டு படுக்கையோடு ஆரம்பித்ததுதான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை.

அக்கா ஆறு முறையும் முடித்துவிட்டார். இப்போது செக்கப்புக்குத் தனியாகவே போய்வருகிறார். தவணையும் கட்டுகிறார்.

கூட்டத்தில் பேச:

நம் குழுவில் தொடர்ந்து மூன்று கூட்டமாக வராதவர் யார்? அவர் வீட்டுக்கு யார், எந்தக் கிழமை போகிறீர்கள்? இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். பெயரையும் தேதியையும் தீர்மான நோட்டில் இன்றைக்கே எழுதிவிடுங்கள்.