மணிக்கூண்டில் பெயர் இல்லாத 14 பேர்

அன்பு மகள் கயலுக்கு,

ஜூலை 26 அன்று உங்கள் கிளை நூலகத்தில் வைக்கப்போகும் கார்கில் நினைவுக் காட்சிக்கு நீ போட்ட மாதிரிப் படம் வந்து சேர்ந்தது. மூன்று சார்ட்டுகளை ஒட்டி ஒரு பனிமலை, உச்சியில் கொடி, ஓரத்தில் பீரங்கி, நடுவில் தங்க நிறத்தில் 527 என்ற எண். மலையை அருமையாக வரைந்திருக்கிறாய். அதில் கை வைக்காதே. பீரங்கியை எடுத்துவிடு. அந்த எண்ணைப் பற்றித்தான் உன்னோடு நிறையப் பேச வேண்டும்.

1999 மே முதல் ஜூலை வரை நடந்த அந்தப் போரில் நம் தரப்பில் இறந்தவர்கள் 527 பேர் என்பது அரசு சொல்லும் கணக்கு. அதில் தவறு இல்லை. ஆனால் நூலகத்துக்கு வருகிறவர் அதைப் பார்த்து, "அடேயப்பா, இத்தனை பேரா!" என்று சொல்லிவிட்டு நாளிதழ் மேசைக்குப் போய்விடுவார். அவரை உன் சுவர் முன்னால் நிற்க வைக்க ஒரு ஆளின் பெயர் வேண்டும், அவருடைய ஊர் வேண்டும்.

வேலூர்க் கடைத்தெரு மணிக்கூண்டை நீ எத்தனையோ முறை கடந்திருப்பாய். அதில் உள்ள கல்வெட்டுப் பலகையை ஒருநாள் நின்று படி. இந்த ஊரிலிருந்து 277 பேர் 1914-19 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லும். அதோடு சரி. அந்த 14 பேர் யார் பிள்ளைகள், எந்த மண்ணில் விழுந்தார்கள் என்று கேட்டால் கல்லிடம் பதில் இல்லை. ஊர்ப் பெயரையும் எண்ணிக்கையையும் மட்டும் மாற்றி, மற்றபடி இதே வாசகத்தோடு இந்தியாவின் பல ஊர்களில் அன்றைய பிரிட்டிஷ் அரசு பலகைகள் பதித்தது.

இனி அதே பழைய வட ஆற்காட்டுப் பகுதியில் செங்கத்துப் பக்கம் போ. எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் கால்நடைகளுக்காக நடந்த சண்டையில் இறந்தான் என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்பதும் இருக்கிறது. அவனோடு நின்று கள்வர் இருவரைக் கடித்துக் காவல் காத்த நாயைக்கூட விடவில்லை. அதன் பெயர் கோவிவன். உருவமும் கல்லில் இருக்கிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த நாய்க்குப் பெயர் இருக்கிறது. நூறு ஆண்டுக்கு முன்பு போன 14 மனிதர்களுக்கு அந்தப் பலகையில் இல்லை. எனக்கு இது ஆறவே இல்லை, கயல். உன் காட்சியில் இந்த இரண்டு கற்களின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வை. விளக்கம் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

ஏன் இப்படி ஆனது என்று யாராவது உன்னைக் கேட்பார்கள், பதில் தெரிந்திருக்கட்டும். போர்க் கல்லறைகளைப் பராமரிக்க 1917இல் லண்டனில் ஓர் ஆணையம் அமைத்தார்கள். பதவி, இனம், மதம் பாராமல் இறந்த ஒவ்வொருவருக்கும் பெயர் பொறித்த நினைவுச்சின்னம் என்பது அதன் கொள்கை. பிரான்சில் நவ் ஷாப்பெல் என்ற ஊரில் 1927இல் திறந்த இந்தியர் நினைவிடத்தில் 4,700க்கு மேற்பட்ட பெயர்கள் உண்மையாகவே செதுக்கப்பட்டன. இராக்கின் பாஸ்ரா நினைவிடத்தில் கதை வேறு. முதல் உலகப்போரில் இந்தியச் சிப்பாய்கள் மிக அதிகமாகப் போனது இராக் பக்கம்தான். அங்கே இந்திய அதிகாரிகளின் பெயர்களைக் கல்லில் வெட்டினார்கள். சாதாரணச் சிப்பாய்களைப் படைப்பிரிவின் கீழே வெறும் எண்ணிக்கையாகப் போட்டார்கள். பெயர்கள் காகிதப் பதிவேட்டோடு நின்றன. 2021இல் அந்த ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலும் ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களுமாகக் குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைக்கப்படவில்லை, சிலர் எந்த வகையிலும் நினைக்கப்படவே இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

அந்தப் பதிவேடுகளை இன்று இணையத்தில் யாரும் தேடலாம். பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, சில இடங்களில் தகப்பன் பெயரும் ஊரும் தாலுகாவும்கூட இருக்கும். வட ஆற்காடு என்று ஆங்கிலத்தில் கொடுத்துத் தேடு. எழுத்துக்கூட்டலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே. நம் ஊர்ப் பெயர்கள் வெள்ளைக்கார எழுத்தர் கையில் நாலு விதமாக உருமாறியிருக்கும். சத்தம்போட்டுப் படித்துப் பார், எந்த ஊர் என்று காது சொல்லிவிடும். கார்கிலுக்கும் அதற்குப் பிந்திய மோதல்களுக்கும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய்க் கேள். பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிப் பழகிய மாவட்டம் இது. உனக்குத் தெரிந்த யாராவது ஒரு பெரியவர் கூடவே வருவார்.

அட்டைகளை எப்படிச் செய்வது என்று கேட்டிருந்தாய். ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. மேஜர் சரவணனை எடுத்துக்கொள். திருச்சிக்காரர், பீகார் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன், 1999 மே 29 அன்று படாலிக் மலைப்பகுதியில் இறந்தார், இறந்தபின் வீர் சக்ரா விருது. ஹவில்தார் பழனி ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர், 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் இறந்த 20 பேரில் ஒருவர், அவருக்கும் வீர் சக்ரா. இவ்வளவு போதும். "வீரத்தின் விளைநிலமே", "தியாகச் சுடரே" என்றெல்லாம் மேலே அடுக்காதே. தேதியும் இடமும் நேராகச் சொன்னாலே படிப்பவருக்குத் தொண்டை அடைக்கும். எழுத்து, நாலு அடி தள்ளி நிற்பவருக்குத் தெரிய வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கண்மட்டத்தில் ஒரு வரிசையாவது இருக்கட்டும். அதிகாரி அட்டை பெரியதாகவும் சிப்பாய் அட்டை சிறியதாகவும் இருக்கவே கூடாது.

எந்த வரிசையில் மாட்டுவது என்பதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் வியட்நாம் போரில் இறந்தவர்களுக்கு நினைவுச்சின்னம் வைக்க 1981இல் போட்டி நடத்தினார்கள். 1,421 வடிவங்கள் வந்தன. தேர்வானது மாயா லின் என்ற 21 வயது மாணவியின் வடிவம். உன்னைவிடச் சில வயதுதான் மூத்தவள். தரைக்குள் இறங்குவது போன்ற கறுப்புக் கிரானைட் சுவர், அதில் பெயர்கள். இன்று 58,000க்கு மேல் இருக்கின்றன. பதவி கிடையாது, அகரவரிசையும் கிடையாது. இறந்த நாளின் வரிசை. ஒரே சண்டையில் ஒன்றாக விழுந்தவர்கள் கல்லிலும் ஒன்றாக இருக்கிறார்கள். பளபளவென்று தேய்த்த கல் என்பதால் பெயரைப் படிக்கிறவரின் முகம் அந்தப் பெயர்மேலேயே தெரியும். கொடியும் சிலையும் இல்லாத இதுவா நினைவுச்சின்னம் என்று அப்போது பெரிய சண்டை. 1984இல் பக்கத்தில் மூன்று வீரர்களின் வெண்கலச் சிலையையும் வைத்தார்கள். ஆனால் வருகிறவர்கள் கறுப்புச் சுவரிடம்தான் போகிறார்கள். காகிதத்தைப் பெயர்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். நீயும் இறந்த நாளின் வரிசையில் மாட்டு.

அடுத்து ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறேன். கேட்டே கோல்விட்ஸ் ஜெர்மானிய ஓவியர், சிற்பி. 1914இல் அவருடைய இளைய மகன் பேட்டர் போருக்குப் போக ஆசைப்பட்டான். வயது 18, தகப்பன் சம்மதம் வேண்டும். தகப்பன் மறுத்தார். அம்மாதான் பேசிச் சம்மதம் வாங்கிக் கொடுத்தார். அக்டோபரில் பெல்ஜியத்தில் அவன் இறந்தான். மகனுக்கு ஒரு சிற்பம் செய்ய உட்கார்ந்தவர், செய்வதும் கலைப்பதுமாக 1932 வரை போராடினார். கடைசியில் அவனைப் புதைத்த கல்லறைத் தோட்டத்தில் நின்றது மகனின் உருவம் இல்லை. முழந்தாளிட்ட ஒரு தகப்பன், முழந்தாளிட்ட ஒரு தாய், இருவருக்கும் நடுவே இடைவெளி. முகங்கள் கணவருடையதும் தன்னுடையதும். இரண்டாம் உலகப்போரில் அதே பெயர் வைத்த பேரனையும் பறிகொடுத்தார். ஜெர்மானியர்கள் நம் சிப்பாய்களுக்கு அன்று எதிரிகள். அப்படியும் அந்தப் படத்தை உன் சுவரில் ஒரு மூலையில் வைக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். நம் புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாய்க்குப் பக்கத்தில் வை. அங்கே தகப்பனும் கணவனும் போரில் போன பிறகு ஒரே மகனையும் அனுப்புகிறாள் ஒருத்தி. இரண்டையும் பார்க்கிற உன் வயதுப் பிள்ளைகள் அவர்களுக்குள் விவாதிக்கட்டும். நீ நடுவர் வேலை பார்க்காதே.

லண்டன் கோபுரத்தைச் சுற்றி 2014இல் நட்ட 8,88,246 பீங்கான் பாப்பிப் பூக்களின் படத்தைப் பார்த்துவிட்டு, காகிதப் பாப்பி செய்யலாமா என்று கேட்டிருக்கிறாய். ஓர் ஆளுக்கு ஒரு பூ என்ற யோசனை நல்லது, எடுத்துக்கொள். பூ மட்டும் நம்முடையதாக இருக்கட்டும். பாப்பி, அந்தப் போர் நடந்த பிளாண்டர்ஸ் வயல்களில் பூத்தது. நம் வரப்பில் தும்பை இருக்கிறது. சங்கப் பாடல்களின் மறவர்கள் போர்க்களத்தில் சூடிய பூ. வெள்ளைக் காகிதத்தில் சின்னப் பிள்ளைகளே வெட்டிவிடுவார்கள்.

இந்த வரிசையில் நீ எதிர்பார்க்காத ஒரு கூட்டமும் உண்டு. மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழர்கள். அந்த ராணுவத்தில் இறந்தவர்களுக்குச் சிங்கப்பூர்க் கடற்கரையில் 1945 ஜூலையில் நேதாஜி ஒரு நினைவுச்சின்னத்துக்கு அடிக்கல் வைத்தார். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். எதிர்ப்பக்கத்தில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் நின்றவர்களிலும் தமிழர்கள் இருந்தார்கள். இரண்டு பக்கத்து அட்டைகளையும் ஒரே சுவரில் மாட்டு. யாராவது முணுமுணுத்தால் நூலகரிடம் அனுப்பு, அவர் பேசிக்கொள்வார்.

இப்போது புத்தகங்கள். காட்சி வைப்பதே யாராவது ஒருவர் ஒரு புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போவதற்காகத்தான். முதுகைக் காட்டி அடுக்காதே, அட்டை முகம் தெரிய நிறுத்து. கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டவும் கூடாது, கை எட்ட வேண்டும்.

தமிழில் முதலில் உரையோடு கூடிய புறநானூறு. அதற்குப் பக்கத்தில் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. தென்கிழக்காசியப் போர்க்காலத்தைத் தமிழில் இதைப்போல எழுதிய நாவல் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. முதல் முப்பது பக்கம் உன்னைத் தள்ளும், விடாதே. ஆங்கிலம் படிப்பவர்களுக்கு தீக்ஷா துவிவேதி தொகுத்த 'லெட்டர்ஸ் ஃப்ரம் கார்கில்'. கார்கிலில் இறந்த ஒரு மேஜரின் மகள் அவர். வீரர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை வைத்தே போரைச் சொல்கிறார். நம் பக்கத்து வீடுகளில் "கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ." என்று முகவரி எழுதாத கை இருக்காது, அவர்களுக்கு இந்தப் புத்தகம் உடனே பிடிபடும். ரகு கர்னாடின் 'ஃபார்தெஸ்ட் ஃபீல்டு' சென்னை வீட்டில் பாட்டி வைத்திருந்த மூன்று இளைஞர்களின் புகைப்படங்களிலிருந்து கிளம்பி இரண்டாம் உலகப்போருக்குள் போகிறது. முல்க் ராஜ் ஆனந்தின் 'அக்ராஸ் தி பிளாக் வாட்டர்ஸ்' பிரான்சுக்குப் போன சிப்பாயின் கதை. டேவிட் ஓமிசி தொகுத்த முதல் உலகப்போர்ச் சிப்பாய்க் கடிதங்கள் கிடைத்தால் விடாதே. அன்றைய தணிக்கை அலுவலகம் சந்தேகப்பட்டு மொழிபெயர்த்து வைத்ததால்தான் எழுதத் தெரியாமல் பிறரை எழுதச் சொன்னவர்களின் குரலும் நமக்குக் கிடைத்திருக்கிறது. ரெமார்க்கின் 'ஆல் குயட் ஆன் த வெஸ்டர்ன் ஃபிரன்ட்' ஜெர்மானியப் பையன்களின் கதை. 1933இல் நாஜிகள் தீயில் போட்ட புத்தகங்களில் இதுவும் ஒன்று. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கொடு, சில பக்கங்கள் மிகக் கொடுமையானவை.

ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஒரு சீட்டு வை, படித்தவர் ஒரு வரி எழுத. அடுத்தவர் அதைப் பார்த்துவிட்டு எடுப்பார்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய். அண்மையில் இறந்தவர் எவருடைய படத்தை மாட்டினாலும் முதலில் அந்த வீட்டில் போய்க் கேள். செய்தித்தாளில் வந்த படம்தானே என்று எடுத்துவிடாதே. அந்த அம்மாவோ மனைவியோ வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சம்மதித்தால், பெயரை அவர்கள் எழுதும் எழுத்துக்கூட்டலில் எழுது, இனிஷியலை அவர்களிடமே சரிபார். திறப்பு நாளில் அவர்களைக் கூப்பிட்டால் மேடையில் உட்காரவைத்துப் பேசச் சொல்லாதே. ஒரு நாற்காலியும் தண்ணீரும் கொடுத்து, அட்டைக்குப் பக்கத்தில் வேண்டிய நேரம் இருக்க விடு.

காட்சி முடிந்ததும் அட்டைகளைக் கட்டிப் பரணில் போட்டுவிடுவார்கள். நீ முந்திக்கொண்டு அவற்றைத் துளையிட்டுத் தைத்து, மேலட்டை போட்டு, குறிப்புதவிப் பகுதியில் சேர்க்கச் சொல்லி நூலகரிடம் எழுதிக் கொடு. கடைசியில் 14 வெற்றுப் பக்கங்கள் இருக்கட்டும். இந்த ஆண்டு பதிவேட்டில் ஒருவர் கிடைத்தாலும் முதல் பக்கத்தை நிரப்பு. ஆவணியில் நான் ஊருக்கு வரும்போது மற்றவர்களைச் சேர்ந்து தேடலாம். அம்மாவிடம் என் மூக்குக்கண்ணாடிப் பெட்டி அங்கே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்.

அன்புடன்,
உன் பெரியப்பா