பல்லும் பாதையும்

மிதிவண்டியின் முன் பல்சக்கரத்திலுள்ள பற்களைப் பின் பல்சக்கரத்தின் பற்களால் வகுத்தால் வருவது பல்விகிதம். மிதியின் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் எத்தனை முறை சுழலும் என்பதே அதன் பொருள்.

சக்கரத்தின் சுற்றளவை 2.1 மீட்டர் எனக் கொள்வோம். முன்னே 50, பின்னே 16 பற்கள் இருந்தால், ஒரு சுற்றுக்கு வண்டி 6.6 மீட்டர் ஓடும். மட்டாஞ்சேரியின் சமதளத் தெருக்களுக்கு இது தகும்.

அதே வண்டியில் மூணாறு மலை ஏற வேண்டுமாயின்? முன்னே 34, பின்னே 32 பற்கள் வேண்டும். ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர்தான், ஆனால் மிதிக்கும் விசையும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும். மலை ஏறும் வேலை குறையவில்லை. அதைப் பல சுற்றுகளுக்குப் பங்கிடுகிறோம். முழங்கால் பிழைக்கிறது.

எனவே, பெரிய பல்சக்கரத்தை வீரமென எண்ணற்க. வாசல் தெருவை மட்டும் பாராது, ஏறவிருக்கும் கடினமான மலையையும் கருதியே பல்லைத் தேர்ந்தெடுப்போம்.