வயிற்றுப் புண்ணும் ஒரு புதிய கிருமியும்



வயிற்றுப் புண் வந்தவரிடம், "காரத்தைக் குறை, கவலையை விடு" என்று சொல்வது நம் வழக்கம். மருத்துவ உலகமும் வெகுகாலம் அப்படியே எண்ணியது. இரைப்பையின் அமிலத்தில் கிருமி எதுவும் தங்கி வாழாது என்றே கற்பிக்கப்பட்டது. பிணியாளிகள் வருடக்கணக்கில் மருந்து சாப்பிட்டார்கள். பலருக்கு அறுவை சிகிச்சையும் நடந்தது. இந்த எண்ணம் மாறிய விதத்தை இம்மடலில் அறிந்துகொள்வோம்.

1979-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் டாக்டர் ராபின் வாரன், இரைப்பையிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தபோது வளைந்த கிருமிகளைக் கண்டார். 1981-ல் டாக்டர் பாரி மார்ஷல் அவருடன் சேர்ந்தார்.

பார்த்தால் மட்டும் போதாது. கிருமியைத் தனியே வளர்த்தால்தான் அதன் குணம் தெரியும். ஆய்வுக்கூடத்தில் இரண்டு நாள் பார்த்துவிட்டு, ஒன்றும் வளரவில்லையென்று தட்டுகளை எறிந்து வந்தார்கள். 1982-ல் ஈஸ்டர் விடுமுறையின்போது தட்டுகள் கூடுதலாகச் சில நாட்கள் இருந்துவிட்டன. திரும்பி வந்து பார்த்தால், கிருமி வளர்ந்திருந்தது! அது மெதுவாக வளரும் கிருமி, அவ்வளவுதான்.

இனி, அது எந்த இனம்? உருவத்தைப் பார்த்து முதலில் கேம்பைலோபாக்டர் இனத்தில் சேர்த்தார்கள். பின்பு அது நீந்த உதவும் இழைகளின் அமைப்பு, அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள், ஆர்.என்.ஏ. வரிசை ஆகியவற்றை ஒப்பிட்டபோது, அது வேறு இனம் என்று விளங்கியது. 1989-ல் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பெயர் பெற்றது.

இது வெறும் பெயர் சூட்டல் அல்ல. இக்கிருமி யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்கி, அதனால் அமிலத்திலிருந்து தப்புகிறது. அந்தக் குணமே நமக்குப் பரிசோதனையாக அமைந்தது. சதைத் துணுக்கை யூரியாவும் சாயமும் கலந்த கூழில் வைத்தால், கிருமி இருக்கும்போது நிறம் மாறும். அப்படிக் கண்டறிந்தவர்களுக்கு அமிலத்தைக் குறைக்கும் மருந்துடன் கிருமிக்கொல்லி மருந்துகளைச் சுமார் இரண்டு வாரம் கொடுத்தால், பெரும்பாலோர் கிருமி நீங்கிச் சுகமடைகிறார்கள். 2005-ல் இவ்விரு மருத்துவர்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இக்கிருமி உள்ள எல்லாருக்கும் புண் வருவதில்லை. வலி மாத்திரைகளாலும் புண் உண்டாகும். ஆகையால் நாமாக மருந்து வாங்கிச் சாப்பிடக் கூடாது. நெடுநாள் வயிற்று வலி இருந்தாலோ, மலம் தார்போல் கறுத்துப் போனாலோ உடனே மருத்துவரைக் காணுங்கள்.

ஆய்வுக்கூட வேலை பிணியாளியின் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனாலும் அங்கே ஒருவர் பொறுமையாகப் பார்ப்பதால்தான் இங்கே ஒருவரின் நெடுநாள் வலி தீருகிறது.