வாயிலேயே தொடங்கும் செரிமானம்

சோறு செரிப்பது வயிற்றுக்குப் போன பிறகு அல்ல, வாயிலேயே தொடங்குகிறது. காதருகிலும் தாடைக்கு அடியிலும் நாக்கின் கீழும் உள்ள 3 இணைச் சுரப்பிகள் நாளொன்றுக்கு அரை முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கின்றன. அதிலுள்ள அமைலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைக்கிறது. வெறும் சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது இதனால்தான். இரைப்பை அமிலம் கலந்ததும் அமைலேஸ் செயலிழக்கும். மிச்ச மாவுச்சத்தைக் கணையநீர் சிறுகுடலில் உடைக்கும்.

பொதட்டூர்பேட்டை விசைத்தறிக் கூடங்களிலும் கும்மிடிப்பூண்டி ஆலைகளிலும் ஷிப்ட் இடைவேளை குறைவு என்பதால், இப்படி நன்றாக மென்று உண்ண நேரம் கிடைப்பது கடினம். அவசரத்தில் பெரிய கவளத்தைத் தண்ணீர் ஊற்றி விழுங்குவதைவிட, சிறு கவளமாக எடுத்துக் குழையும்வரை மெல்வது நல்லது. வேகமாக விழுங்கும்போது காற்றும் உள்ளே போய் வயிறு உப்பும்.

வெக்கையில் வியர்வை வழிய வேலை செய்தால் உடலில் நீர் குறைந்து, உமிழ்நீரும் குறையும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அவ்வப்போது தண்ணீர் குடிக்க வேண்டும். வாய் வறள்கிறதே என்று புகையிலை, குட்காவை மெல்வதை அறவே தவிர்க்க வேண்டும். அவை வாய்ப்புற்றுநோய்க்கே காரணமாகின்றன.

தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைவதால் பற்களுக்குக் காப்பும் குறைகிறது. ஆகவே இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் தூங்குவோர் படுக்கும் முன் பல் துலக்குவது அவசியம். ஒவ்வாமைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் சில மாத்திரைகள் வாயை உலர்த்தும். அப்படியானால் மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.