முதுமைக்கு ஒரு பங்கு



எங்கள் குடும்பங்களிலே பிள்ளையின் படிப்புக்கு ஆயத்தம் செய்கிறோம். கலியாணத்துக்கு ஆயத்தம் செய்கிறோம். வீடு கட்டுவதற்கும் கிணறு வெட்டுவதற்கும் வருடக் கணக்கிலே திட்டம் போடுகிறோம். ஆனால் கை ஓய்ந்து, கால் தளர்ந்து, உழைப்பு நின்றுபோன பின்னரும் நாம் இருபது ஆண்டுகள் வாழக்கூடும். அந்த இருபது ஆண்டுச் சோற்றுக்கும் மருந்துக்கும் எத்தனை பேர் திட்டம் போட்டிருக்கிறோம்?

"பிள்ளைகள் பார்ப்பார்கள்" என்பதே பலருடைய பதில். அந்தப் பதிலிலே பிழை இல்லை. பெற்றோரைத் தாங்குவது பிள்ளைகளின் கடமை. ஆனால் 1983க்குப் பின்னர் எங்கள் பிள்ளைகளில் எத்தனையோ பேர் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய்விட்டார்கள். அங்கே அவர்களுக்கு வீட்டுக் கடன் உண்டு, தங்கள் பிள்ளைகளின் படிப்புச் செலவு உண்டு. மாத முடிவிலே வெளிநாட்டுக் காசை எதிர்பார்த்துத் தொலைபேசியைப் பார்த்திருக்கும் முதியவரின் மனநிலையை நாம் அறிவோம். தம் கையிலே சிறு வருமானம் உள்ள முதியவர் பிள்ளையிடம் அன்பை மட்டும் எதிர்பார்ப்பார். அது இரு பகுதியினருக்கும் நிம்மதி.

ஆகவே, இளைப்பாறும் காலத்துக்காகச் சேமிப்பது எப்படி என்று இந்த வாரம் ஒழுங்காகப் படிப்போம்.

1. வேலைத்தலத்திலே உங்களுக்கு உரியது

அரசாங்க உத்தியோகத்தருக்கு ஓய்வூதியம் உண்டு. தனியார் நிறுவனம், கடை, தொழிற்சாலை, கூட்டுத்தாபனம் ஆகியவற்றிலே வேலை செய்வோருக்கு 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதி உண்டு. ஊழியர் தம் சம்பளத்திலே குறைந்தது 8 வீதம் கொடுக்க வேண்டும். வேலைகொள்வோர் குறைந்தது 12 வீதம் கொடுக்க வேண்டும். தொழில் திணைக்களம் இதனை நிருவகிக்கிறது. பணத்தை மத்திய வங்கி பொறுப்பேற்று முதலீடு செய்கிறது.

இதற்கு மேலாக, 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி உண்டு. இதற்கு வேலைகொள்வோரே 3 வீதம் செலுத்த வேண்டும். ஊழியரின் சம்பளத்திலே ஒரு சதமும் கழிக்கக் கூடாது.

கணக்கைப் பாருங்கள். ஒருவருடைய சம்பளம் 40,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். அவர் கொடுப்பது 3,200 ரூபா. வேலைகொள்வோர் சேமலாப நிதிக்குக் கொடுப்பது 4,800 ரூபா. நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குக் கொடுப்பது 1,200 ரூபா. ஆக, மாதம் 9,200 ரூபா அவர் பெயரிலே சேருகிறது. 3,200 கொடுத்து 9,200 பெறும் சேமிப்பை எந்த வங்கியிலே காணலாம்?

இருந்தும், "நிதி வெட்டவேண்டாம், முழுச் சம்பளத்தையும் கையிலே தாருங்கள்" என்று கேட்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அதற்கு மகிழ்ச்சியோடு இணங்கும் முதலாளிமாரும் இருக்கிறார்கள். இளைஞருக்குக் கிடைப்பது தமது 3,200. இழப்பது முதலாளியின் 6,000. இப்படியான உடன்பாட்டைச் சட்டம் ஏற்பதுமில்லை. நிரந்தர ஊழியர், தற்காலிக ஊழியர், பயிலுநர், துண்டுக்கணக்கிலே வேலை செய்பவர் எல்லோரும் இதற்கு உரியவர்களே. "ஆறு மாதம் போகட்டும், பார்ப்போம்" என்று சொல்லவும் இடமில்லை. முதல் நாளிலிருந்தே உரிமை தொடங்குகிறது.

மூன்றாவது, பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்திலே ஐந்து ஆண்டுகள் பூர்த்தி செய்த ஊழியர் விலகும்போது பணிக்கொடை பெறுவார். மாதச் சம்பளக்காரருக்கு இது பூர்த்தியான ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளமாகும். நான்கரை ஆண்டிலே சிறு கோபத்தால் வேலையை எறிந்துவிட்டு வருபவர் எதனை எறிகிறார் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

2. கொடுத்தால் போதாது, பார்க்கவும் வேண்டும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது முதுமொழி. நிதிக்குக் கழித்ததாகச் சம்பளச் சிட்டையிலே எழுதியிருப்பது ஒன்று. அந்தப் பணம் உங்கள் கணக்கிலே சேர்ந்திருப்பது வேறொன்று. பின்வரும் நான்கு காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, வேலையிலே சேர்ந்தவுடன் உங்கள் அங்கத்துவ இலக்கத்தையும் 'பி' அட்டையையும் கேட்டுப் பெறுங்கள். காணி உறுதியை வைக்கும் பெட்டியிலேயே அதனையும் வையுங்கள்.

இரண்டாவது, பெயரைச் சரிபாருங்கள். பிறப்புச் சான்றிதழிலே ஒரு பெயர், தேசிய அடையாள அட்டையிலே இன்னொரு பெயர், நிதிப் பதிவிலே மூன்றாவது பெயர் என்று இருந்தால், பணம் பெறும் நாளிலே அலைச்சல்தான். ஞானஸ்நானப் பெயரை ஓரிடத்திலே முன்னும் ஓரிடத்திலே பின்னும் எழுதும் வழக்கம் எங்களிடையே உண்டு. இளமையிலேயே இதனைத் திருத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஒரு மாதத்தின் பணத்தை வேலைகொள்வோர் அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள் செலுத்த வேண்டும். தாமதித்தால் காலத்துக்கு ஏற்ப 5 வீதம் முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் விதிக்கப்படும். உங்களுக்கு வரும் கணக்கறிக்கையைச் சம்பளச் சிட்டைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறை இருந்தால் முதலில் அலுவலகத்திலே மரியாதையோடு கேளுங்கள். தீராவிட்டால் அருகிலுள்ள தொழில் அலுவலகத்திலே முறையிடுங்கள். அது உங்கள் உரிமை. நன்றிகெட்ட செயல் அன்று.

நான்காவது, உங்கள் மரணத்தின் பின் பணம் யாருக்கு என்று எழுதிக்கொடுக்கும் பின்னுரித்தாளர் நியமனம். தனியாளாக இருந்தபோது தாயின் பெயரை எழுதியவர், மணமுடித்த பின்னர் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். இதனை மறந்த குடும்பங்களிலே விதவையானவள் கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் ஏறியிறங்க வேண்டி வரும்.

3. நடுவிலே எடுக்கலாமா?

சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் பெறலாம் என்று சட்டம் வகுத்தது. தனியார் துறையிலே வேலைநிறுத்தக்கூடிய குறைந்த ஓய்வு வயதை 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் 60 ஆக்கியிருக்கிறது. ஆகவே, முடிந்தவர்கள் அந்த மேலதிக ஆண்டுகளையும் உழைப்புக்கும் சேமிப்புக்கும் பயன்படுத்தலாம்.

திருமணத்தை முன்னிட்டு வேலையை விடும் பெண் தன் நிதியை முன்கூட்டியே எடுக்கலாம். சட்டம் இடம் கொடுத்தாலும், பெற்றோரே, அதனைச் சீதனக் கணக்கிலே சேர்க்க அவசரப்படாதீர்கள். அது அவள் தன் வியர்வையால் தன் முதுமைக்கு வைத்த காசு. ஒரு நாள் விருந்திலே அது கரைந்துபோனால், அறுபது வயதிலே அவளுக்கு யார் கொடுப்பார்?

வீட்டுக்கும் வைத்தியத்துக்கும், பத்து ஆண்டு அங்கத்துவமும் போதிய மீதியும் உடையவர்கள் 30 வீதம் வரை முன்கூட்டியே பெறும் ஏற்பாடும் உண்டு. உயிர் காக்கவும் கூரை வேயவும் அது உதவட்டும். மோட்டார் சைக்கிளுக்கும் மண்டபச் செலவுக்கும் வழி தேடாதீர்கள்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். சேமலாப நிதி மாதாமாதம் வரும் ஓய்வூதியமன்று; அது ஒரேயடியாகக் கைக்கு வரும் தொகை. அது வரும் நாளிலே கடன் கேட்போரும் ஆலோசனை சொல்வோரும் வாசலிலே நிற்பார்கள். ஆறு மாதமாவது அதனைத் தொடாமல் வங்கியிலே நிலையான வைப்பில் இட்டு, ஆறுதலாகத் தீர்மானியுங்கள்.

4. சேமலாப நிதி இல்லாதவர்கள்

பேசாலையிலே வலை இழுப்பவருக்கும், கிளிநொச்சியிலே வயல் செய்பவருக்கும், வீட்டிலே தையல் மெசின் மிதிக்கும் சகோதரிக்கும் முதலாளி இல்லை. ஆகவே 12 வீதமும் இல்லை. விவசாயிகளுக்கென 1987இலும் கடற்றொழிலாளருக்கென 1990இலும் ஓய்வூதியச் சட்டங்கள் வந்தன. அரச ஓய்வூதியம் இல்லாதோருக்கென 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின்படி சமூகப் பாதுகாப்புச் சபை அமைக்கப்பட்டது. உங்கள் பிரதேச செயலகத்திலே இன்றைய நிபந்தனைகளையும் தவணைத் தொகையையும் கேட்டறியுங்கள். வயது ஏற ஏறக் கட்டவேண்டிய தொகையும் ஏறும். ஆகவே இளமையிலே சேர்வது இலாபம்.

இவர்கள் தாமே தமக்கு முதலாளியாகி, வருமானம் வரும்போதெல்லாம் ஒரு பங்கைப் பிரித்து வைக்க வேண்டும். மீனவருக்குச் சோளகக் காலமும் வாடைக் காலமும் ஒன்றல்ல. மீன் நன்றாகப் படும் மாதத்திலே கூடுதலாகவும், குறைந்த மாதத்திலே கொஞ்சமாகவும் வைக்கட்டும். விடாமல் வைப்பதே முக்கியம்.

5. சொந்தக் கணக்கு

நிதி உள்ளவருக்கும் சொந்தக் கணக்கு ஒன்று அவசியம். காலத்தின் வலிமையை ஒரு கணக்கினாலே காட்டுவோம். வட்டி என்றும் ஒரே அளவிலே நிற்பதில்லை. இருந்தாலும் விளக்கத்துக்காக ஆண்டுக்கு 8 வீதம் என்று கொள்வோம்.

மூத்தவள் 25 வயதிலே தொடங்கி ஆண்டுக்கு 12,000 ரூபா வீதம் பத்து ஆண்டுகள் போடுகிறாள். பின்னர் ஒன்றும் போடவில்லை, எடுக்கவுமில்லை. இளையவன் 35 வயதிலே தொடங்கி அதே தொகையை இருபது ஆண்டுகள் போடுகிறான். அவள் போட்டது 1,20,000. அவன் போட்டது 2,40,000. இருவரும் 55 வயதை அடையும்போது அவளிடம் ஏறத்தாழ 8,10,000 ரூபா இருக்கும். அவனிடம் ஏறத்தாழ 5,49,000 ரூபாவே இருக்கும். பாதிப் பணம் போட்டவள் முந்திவிட்டாள். வட்டிக்கு வட்டி சேர அவள் காலம் கொடுத்தாள்.

பணத்தை எங்கே போடுவது? 1972இலே தொடங்கிய தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரசாங்க உத்தரவாதம் உண்டு. ஏனைய வங்கிகள், சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியனவும் உண்டு. எவரும் வழக்கத்துக்கு மாறான பெரிய வட்டி தருவதாகச் சொன்னால், அவருக்கு மத்திய வங்கியின் அனுமதி உண்டா என்று முதலில் விசாரியுங்கள். வட்டிக்கு ஆசைப்பட்டு முதலை இழந்தோர் எங்கள் ஊர்களிலே அநேகர். சீட்டு அவசரச் செலவுக்கு உதவும்; முப்பது ஆண்டுச் சேமிப்புக்கு அது ஏற்றதல்ல.

விலைவாசியையும் மறவாதீர்கள். 2022 செப்டெம்பரிலே கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி விலைகள் ஓராண்டிலே ஏறத்தாழ 70 வீதம் ஏறின. அப்படியான காலத்திலே வங்கிக் காசின் பெறுமதி கரைகிறது. ஆகவே எல்லாவற்றையும் ஒரே இடத்திலே வைக்காமல், காய்க்கும் தென்னை, விளையும் தோட்டம், கடனில்லாத வீடு ஆகியவற்றிலும் ஒரு பங்கை வையுங்கள். "இனிச் சேமித்து என்ன பயன்" என்று கைவிடுபவருக்குக் கரைவதற்குக்கூட ஒன்றும் இராது.

6. ஐந்திலொரு பங்கு

"கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிச் சேமியாமல் இருப்போர் ஆதியாகமத்திலே யோசேப்பின் வரலாற்றைப் படிக்கட்டும். ஏழு ஆண்டுச் செழிப்பிலே விளைச்சலின் ஐந்திலொரு பங்கைச் சேர்த்து வைக்கும்படி அவர் பார்வோனுக்கு ஆலோசனை சொன்னார். பஞ்சம் வந்தபோது எகிப்து பிழைத்தது. பட்டினியோடு வந்த அவருடைய தந்தையின் வீட்டாரும் பிழைத்தார்கள். எட்டும் பன்னிரண்டும் சேர்ந்தால் இருபது வீதம். அதுவும் ஐந்திலொரு பங்குதான். பிறருக்குக் கொடுக்க வேண்டியதைப் பூட்டி வைப்பது பேராசை. நாளை பிறருக்குப் பாரமாகாதிருக்க இன்று ஒதுக்கி வைப்பது விவேகம்.

இந்த ஞாயிறு மாலை, குடும்பமாக உட்கார்ந்து பின்வரும் கேள்விகளுக்கு விடை காணுங்கள்:

வீட்டிலே உழைப்போர் ஒவ்வொருவரினதும் நிதி அங்கத்துவ இலக்கம் என்ன? அந்த அட்டை எங்கே இருக்கிறது?

கடைசியாகக் கணக்கறிக்கையைப் பார்த்தது எப்போது?

பின்னுரித்தாளராக யாருடைய பெயர் எழுதப்பட்டிருக்கிறது?

அடுத்த சம்பளத்திலிருந்து, செலவு தொடங்குமுன், எவ்வளவு ஒதுக்குவோம்?

நான்காவது கேள்விக்கு நூறு ரூபா என்பது விடையானாலும் வெட்கப்படாதீர்கள். அடுத்த சம்பள நாளிலே அந்த நூறு ரூபாவைப் போட்டுவிடுங்கள்.