'கார்டு எரர்' வந்ததும் என்ன செய்கிறோம்?

தாலி கட்டி முடிந்து, பந்தி நடந்துகொண்டிருக்கும். கேமராத் திரையில் 'கார்டு எரர்' என்று வரும். கல்யாணப் படம் எடுப்பவர்களுக்கு வயிறு கலங்கும் நேரம் அது. மறுபடி தாலி கட்டச் சொல்ல முடியுமா? அந்தப் பதற்றத்தில் நாம் செய்யும் காரியம்தான் பல நேரம் படங்களை உண்மையிலேயே அழிக்கிறது.

பதற்றத்தில் ஃபார்மட் செய்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று நினைக்கிறோம். பெரும்பாலான கேமராக்களின் சாதாரண ஃபார்மட் படங்களைத் தொடுவதே இல்லை. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை மட்டும் வெறுமையாக்குகிறது. டெலிட் செய்தாலும் அப்படித்தான். அதே இடத்தில் புதுப் படம் எழுதப்படும்வரை பழையது அங்கேயே கிடக்கும். ஆகவே உடனே கார்டை வெளியே எடுங்கள். 'சரியாகிவிட்டதா பார்ப்போம்' என்று ஒரு படம்கூட எடுக்காதீர்கள். ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள் பெரும்பாலும் படங்களை மீட்டுத் தரும். மீட்டதை வேறு டிஸ்க்கில் சேமியுங்கள், அதே கார்டில் வேண்டாம்.

பழைய கார்டு தேய்ந்துபோகும் என்ற பயமும் மிகை. கார்டுகளில் இன்று பரவலாக உள்ள டிஎல்சி வகை ஃபிளாஷ் நினைவகம், ஏறக்குறைய 1,000 முறை அழித்து எழுதினாலும் தாங்கும். வாரம் ஒருமுறை கார்டை நிரப்பினால் ஆண்டுக்கு 52 முறைதான். ஆயிரத்தை எட்டும் முன்பே பிளாஸ்டிக் ஓடு உடைந்துவிடக்கூடும். கார்டைக் கெடுப்பது வேறு: கார்டில் எழுதுவதைக் காட்டும் விளக்கு மின்னும்போதே மூடியைத் திறந்து கார்டை உருவுவது, பேட்டரி சாகும்வரை எடுத்துக்கொண்டே இருப்பது. எழுதும் பாதியில் மின்சாரம் நின்றால் அட்டவணை குலைந்துவிடும்.

விமான நிலைய எக்ஸ்ரே, காந்தம் பற்றிய அச்சத்தை விட்டுவிடலாம். எக்ஸ்ரே பாதித்தது ஃபிலிம் ரோலை. ஃபிளாஷ் கார்டு காந்தத்தால் அல்ல, மின்னூட்டத்தால் பதிவை வைத்திருக்கிறது.

உண்மையில் அஞ்ச வேண்டியது போலிக் கார்டுக்கு. மேலே 128 ஜிபி என்று அச்சிட்டிருக்கும், உள்ளே 8 ஜிபி சிப்தான் இருக்கும். கேமராவிடமும் கம்ப்யூட்டரிடமும் 128 என்றே பொய் சொல்லும்படி அதை மாற்றியிருப்பார்கள். கடையில் நாலு படம் எடுத்துப் பார்த்தால் குறையே தெரியாது. 8 ஜிபியைத் தாண்டியபின் கோப்பின் பெயர் இருக்கும், திறந்தால் படம் இருக்காது. வாங்கிய அன்றே ஹெச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 மென்பொருள் கொண்டு கார்டு முழுவதும் எழுதிப் படித்துச் சோதிப்பது ஒன்றே வழி. மலிவு விலைக் கார்டை நம்பி முகூர்த்தத்துக்குப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

'கார்டிலேயே இருக்கட்டும், பத்திரம்' என்று மேசை டிராயரில் ஆண்டுக்கணக்கில் போட்டு வைப்பதும் தவறு. மின்னூட்டம் மெல்லக் கசியும், வெப்பம் அதை விரைவாக்கும். இரண்டு ஸ்லாட் உள்ள கேமராவென்றால் இரண்டிலும் ஒரே படம் பதியும்படி வையுங்கள். வேறு இரண்டு இடங்களில் நகல் எடுத்து, திறந்து பார்க்கும்வரை அந்தக் கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள்.