விவிலிய மரபில் சொல்லாற்றல்: தொல்காப்பிய மந்திர இலக்கணத்துடன் ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

வாயினின்று புறப்படும் சொல் ஆற்றல் உடையது என்பது விவிலியத்தின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. அவ்வாற்றல் ஒலியில் உள்ளதா, சொல்வோனிடம் உள்ளதா, சொல்லை அருளிய இறைவனிடம் உள்ளதா என்னும் வினாவை இக்கட்டுரை முன்வைக்கிறது. விவிலியத்தின் மூன்று நிகழ்ச்சிகளையும் நாவடக்கம் பற்றிய அறவுரைகளையும் தமிழ் மரபோடு ஒப்பிட்டு இது விடை காண்கிறது.

திறவுச்சொற்கள்: சொல்லாற்றல், ஆசிமொழி, மந்திரம், நாவடக்கம், வாக்கு, வார்த்தை

முன்னுரை

தொடக்கநூலின் முதல் அதிகாரத்தில் கடவுள் கருவி எதுவுமின்றிச் சொல்லால் உலகைப் படைக்கிறார். அவர் சொன்னவுடன் ஒளி தோன்றுகிறது. எபிரேய மொழியில் 'தாபார்' என்னும் பெயர் சொல்லையும் பொருளையும் நிகழ்ச்சியையும் ஒருங்கே குறிக்கும். சொல்லும் செயலும் ஒன்றையொன்று விட்டு நீங்காதவை என்னும் உணர்வு அம்மொழியிலேயே பதிந்துள்ளது. எனினும், இறைவனின் சொல்லுக்குரிய ஆற்றல் மனிதரின் சொல்லுக்கும் அவ்வாறே உண்டு எனக் கொள்ளலாமா? இற்றைக் கிறித்தவக் குழுக்கள் சிலவற்றில், விரும்பியதை வாயால் அறிக்கையிட்டால் அது நிறைவேறும் என்னும் போதனை வழங்குவதால் இவ்வினா ஆய்வுக்குரியதாகிறது.

மூன்று நிகழ்ச்சிகள்

தொடக்கநூல் 27ஆம் அதிகாரத்தில், பார்வை மங்கிய ஈசாக்கு மூத்த மகன் ஏசாவுக்குரிய ஆசியை அவனென்று எண்ணி இளையவன் யாக்கோபுக்கு வழங்கிவிடுகிறார். உண்மை வெளிப்பட்டபோது நடுங்குகிறாரேயன்றி, சொன்னதை மீட்டுக்கொள்ளவில்லை. ஏசாவின் அழுகையும் அதை மாற்றவில்லை. சொல்லிய சொல் சொன்னவனின் ஆளுகையைக் கடந்துவிட்டதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. இதனை மட்டும் நோக்குவோர், ஆற்றல் சொல்லிலேயே உறைகிறது என்று முடிவு செய்தல் கூடும்.

எண்ணிக்கை நூலின் 22 முதல் 24 வரையிலான அதிகாரங்கள் அம்முடிவை மறுக்கின்றன. மோவாபு அரசன் பாலாக்கு, இசுரயேலரைச் சபிக்குமாறு பிலயாமைக் கூலி பேசி அழைக்கிறான். பிலயாமின் வாழ்த்தும் சாபமும் பலிக்கும் என்பது அரசனின் நம்பிக்கை. இடத்தை மாற்றி மாற்றிப் பலிபீடங்கள் எழுப்பியும் பிலயாமின் வாயிலிருந்து வாழ்த்தே வருகிறது. இறைவன் தராத சொல்லைத் தன்னால் சொல்ல இயலாது என்கிறான் அவன். இங்குச் சொல்வோன் ஆற்றலின் உரிமையாளன் அல்லன். அதனைச் சுமப்பவன் மட்டுமே. காரணமற்ற சாபம், அலைந்து பறக்கும் பறவைபோல் எங்கும் தங்காது என்னும் நீதிமொழிகள் நூலின் கருத்தும் (26:2) இதற்கு அரண் செய்கிறது.

மூன்றாம் நிகழ்ச்சி திருத்தூதர் பணிகள் 19ஆம் அதிகாரத்தில் உள்ளது. ஸ்கேவா என்னும் குருவின் மக்கள் எழுவர், பவுல் அறிவிக்கும் இயேசுவின் பெயரைச் சொல்லித் தீய ஆவியை ஓட்ட முயல்கின்றனர். அவர்கள் சொன்ன பெயரில் பிழையில்லை. ஆயினும், இயேசுவையும் பவுலையும் அறிந்த அந்த ஆவி இவர்கள் யார் என வினவுகிறது. ஆவி பிடித்தவன் அவர்களைத் தாக்கிக் காயப்படுத்தித் துரத்துகிறான். உறவின்றி உச்சரிக்கப்பட்ட பெயர் வெற்றொலியாகிவிட்டது. இம்மூன்றையும் இணைத்து நோக்கினால், ஈசாக்கின் ஆசியும் ஒலியால் நிலைபெற்றதன்று, தலைமுறைதோறும் தொடரும் இறைவாக்குறுதியின் பகுதியாதலால் நிலைபெற்றது என்பது தெளிவாகும்.

நாவின் அறம்

மனிதச் சொல்லுக்கு இறைச்சொல்லின் ஆற்றல் இல்லை என்பதால் அது வலுவற்றது என்று விவிலியம் கருதவில்லை. யாக்கோபு திருமுகத்தின் 3ஆம் அதிகாரம், குதிரையின் கடிவாளம், கப்பலின் சுக்கான், காட்டை எரிக்கும் சிறுபொறி ஆகிய மூன்றை நாவுக்கு உவமையாக்குகிறது. முதலிரண்டும் நெறிப்படுத்துவன, மூன்றாவது அழிப்பது. ஒரே வாயால் இறைவனைப் போற்றுவதும், அவர் சாயலில் உண்டான மனிதரைச் சபிப்பதும் தகாது என்பதே அப்பகுதியின் மையம். மத்தேயு நற்செய்தியும் (12:36) வீண்சொல் ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பு நாளில் கணக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. ஆகவே, மனிதருக்குச் சொல் ஆட்சிக்குரிய கருவியன்று. கணக்கு ஒப்புவிக்க வேண்டிய பொறுப்பு.

தமிழ் மரபுடன் ஒப்பீடு

தொல்காப்பியச் செய்யுளியல், நிறைமொழி மாந்தர் தம் ஆணையாற் கூறும் மறைமொழியை மந்திரம் என்கிறது. இங்கும் ஆற்றல் வெற்றொலிக்கு உரியதன்று. சொல்வோரின் நிறைவுக்கு உரியது. ஒலியைத் தனித்து நம்பாமை இரு மரபுக்கும் பொது. வேறுபாடு யாதெனின், தமிழ் மரபில் சொல்லின் ஆணை நிறைமொழி மாந்தருடையது. விவிலியத்தில் அது இறைவனுடையது. பிலயாம் நிறைவுடையவனாகப் போற்றப்படவில்லை. எனினும் அவன் வாய்ச்சொல் பலித்தது. அறக்கூற்றில் இவ்விரு மரபுகளும் மீண்டும் நெருங்குகின்றன. திருக்குறள் இனியவை கூறல், புறங்கூறாமை, பயனில சொல்லாமை ஆகியவற்றைத் தனித்தனி அதிகாரங்களாக அமைத்திருப்பது இங்கு நினைக்கத்தக்கது.

யோவான் நற்செய்தியின் தொடக்கத்திலுள்ள 'லோகோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லை, பழைய திருப்புதல் 'வார்த்தை' என்றும், 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'வாக்கு' என்றும் தமிழாக்கியுள்ளன. இரண்டும் வடசொற்களே. 'வார்த்தை' செய்தி என்னும் பொருளும் உடையது. வைணவ ஆசாரியர்களின் கூற்றுத் தொகுப்பாகிய வார்த்தாமாலையின் பெயரிலும் அது இடம்பெறுகிறது. 'வாக்கு' என்பதோ வாக்களித்தல், வாக்குத் தவறாமை, வாக்குப் பலித்தல் ஆகிய வழக்குகளில் வாழ்வது. 'பலித்தல்' என்னும் பொருளை மட்டும் பற்றிக்கொண்டால் மேற்சுட்டிய அறிக்கைப் போதனைக்கு இச்சொல் இடம் தரும். 'தவறாமை' என்னும் பொருளை முன்னிறுத்தினால், சொன்னதைக் காக்கும் இறைவனைச் சுட்டும். விவிலியச் சான்றுகள் பின்னதற்கே துணை நிற்கின்றன.

முடிவுரை

விவிலிய நோக்கில் சொல்லின் ஆற்றல் ஒலியிலும் இல்லை, சொல்வோனின் விருப்பத்திலும் இல்லை. சொல்லை அருளும் இறைவனிடமே உள்ளது. மனிதருக்கு உரியது அச்சொல்லைக் காக்கும் கடமையே. எனவே, சொல்லால் உலகை வளைக்கலாம் என்னும் போதனை, ஸ்கேவாவின் மக்கள் செய்த பிழையை மீண்டும் செய்வதாகும். தமிழ்ச் சொல்லாட்சிகள் இக்கருத்தை எவ்வாறு வடிவமைத்தன என்பதைத் தமிழ்க் கிறித்தவக் கீர்த்தனைகளிலும் மறையுரைகளிலும் விரித்து ஆராய இடமுண்டு.